விலகி நின்ற புள்ளி

7

சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான் அவகாசம். அதற்குள் போலீசுக்குத் துப்புக் கொடுப்பது யார் என்று சொல்லாவிட்டால், வண்டிக்காரர் தங்கப்பனை இளவட்டங்கள் தங்கள் வழியில் விசாரித்துக்கொள்ளும். அந்த விசாரணை எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்டுவதுபோல், நேற்றே யாரோ அவருடைய மாட்டுவண்டியின் நுகத்தடியை இரண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள்.

பாறசாலைச் சந்திப்பில் வேதமணியின் சைக்கிள் கடை. ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக அங்கே வந்த ஜெயதாஸ், கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் கட்டத் தாளை விரித்துவைத்துப் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். இது மூன்றாவது பென்சில்.

“எலே மக்கா, உளவாளியக் கண்டுபிடிக்கதுக்கு முன்ன நீ பென்சில் கம்பெனியையே மூடிருவ போலயே” என்றான் வேதமணி, டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

“முனை தடிச்சா புள்ளி இடம் மாறிரும் அண்ணே.”

“புள்ளி மாறுனா அழிச்சுக்கிடலாம். தங்கப்பனுக்க கையும் காலும் மாறிச்சுன்னா?”

ஜெயதாஸ் சீவிய முனையை ஊதினான். தங்கப்பனை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததே அவன் சொன்ன ஓர் எண்தான்.

அது 1954 அக்டோபர். தமிழ் பேசும் எல்லை ஊர்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி, ஆகஸ்டில் தெற்கே துப்பாக்கி வெடித்த பிறகு வாயடைத்துக் கிடந்தது. கூட்டம் போடத் தடை. செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் ஓர் ஊரில் ரகசியமாகக் கூடினார்கள். யாராவது கேட்டால் பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்வது ஏற்பாடு. தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்களுக்குக் கஞ்சியும் பயறும் உண்டு. ஏழு ஞாயிறுகளாக, அந்தக் கஞ்சி ஆறுவதற்குள் போலீஸ் வந்து நின்றது.

கமிட்டித் தலைவர் கைலாசநாதன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்க்கார் எழுத்தர். துப்பறியும் பொறுப்பை ஜெயதாஸிடம் கொடுத்தவர் அவர்தான். பாலராமபுரத்து நூல் சங்கத்தில் எழுத்தராக இருந்த ஜெயதாஸ், மழை நாளில் ஈரத்தால் கூட வேண்டிய நூல் எடை குறைவதை வைத்துத் திருடனைப் பிடித்துக் கொடுத்திருந்தான். அதோடு, வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப் புள்ளிவிவரம் படிக்கிற மாலை வகுப்புக்காரன். ஒன்று ஏறும்போது மற்றொன்றும் ஏறுகிறதா, ஏறினால் எவ்வளவு என்று கணக்கிடுகிற பாடம்.

போன வாரம் அவன் கமிட்டியிடம் சொன்னான்: தங்கப்பன் சனிக்கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை அதிகம் போலீஸ் வருகிறது. ஒட்டுறவு எண், பூஜ்யம் புள்ளி எட்டு. ஒன்றுதான் உச்சம்.

எட்டு என்பது எட்டிப் பிடித்துவிட்ட மாதிரி ஊருக்குக் கேட்டது. கமிட்டி கலைவதற்குள் தங்கப்பனின் பெயர் சந்திப்பு வரை வந்துவிட்டது.

கடை வாசலில் நிழல் விழுந்தது. தங்கப்பனின் மனைவி சரசம்மா. பின்னாலேயே அந்த இளவட்டங்களில் ஒருவனான விஜயதாஸ். தனுவச்சபுரம் கூட்டத்தில் போலீஸ் அடித்துத் தன் தம்பியின் கால் முறிந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்கியதில்லை என்று ஊரில் பேச்சு. அவளை அவன் பின்தொடர்ந்து வந்திருந்தான்.

“நீயாக்கும் எனக்க வீட்டுக்காரர உளவாளின்னு சொன்னது?” என்றாள் சரசம்மா.

“நான் அப்படிச் சொல்லல்ல அக்கா. ரெண்டும் சேந்து நடக்குன்னுதான்...”

“அவரு நெய்யாற்றின்கரைக்குப் போறது எதுக்குன்னு அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

ஜெயதாஸ் கேட்கவில்லை. குறிப்பேட்டில் பதினான்கு பக்கம் எழுதியிருந்தான். கேட்கவில்லை.

“கஞ்சி காய்ச்ச வார்ப்பு எடுக்க! எட்டு இடங்கழிக்கு மேல அரிசி போட்டா நம்ம ஊருப் பானை கொள்ளாது. பெரிய கூட்டம்னா பெரிய வார்ப்பு வேணும். அது நெய்யாற்றின்கரையிலதான் வாடகைக்குக் கிட்டும்.”

“நல்ல சாக்காக்கும்” என்றான் விஜயதாஸ்.

ஜெயதாஸின் பென்சில் நின்றுவிட்டது. பெரிய கூட்டம் என்றால் வார்ப்புக்காகத் தங்கப்பன் போவார். பெரிய கூட்டம் என்றால் போலீசும் அதிகம் வரும். இரண்டையும் மேலே தூக்குவது மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அவன் முடிச்சுப் போட்டிருந்தான். வகுப்பின் இரண்டாவது வாரத்திலேயே எச்சரித்த பிழை அது.

“மழை பெஞ்சா குடையும் விரியும், தவளையும் கத்தும்” என்றான் வேதமணி. “நீ குடையக் கண்டதும் தவளையப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்ட.”

“அப்பம் ஆளு யாரு?” விஜயதாஸ் ஜெயதாஸின் முகத்துக்கு நேரே குனிந்தான். “அஞ்சு மணிக்கு ஒரு பேரு வேணும். இல்லன்னா எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணு உண்டும்.”

சரசம்மா அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

* * *

வேதமணி சைக்கிளை மிதிக்க, பின்னால் ஜெயதாஸ் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கஞ்சி காய்ச்சும் செல்லசாமியின் வீடு அரை மைலில் இருந்தது.

எத்தனை பேர் வருவார்கள் என்று கமிட்டி சொல்லும். அதற்கு எவ்வளவு அரிசி என்று ஜெயதாஸ் கணக்கிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பான். அளப்பது இடங்கழிப் படியால். எட்டுப் பேருக்கு ஓர் இடங்கழி. யாரும் வராவிட்டாலும் சமையல்காரர்களுக்கும் முக்குக்கு முக்கு காவல் நிற்பவர்களுக்கும் மூன்று இடங்கழி. அந்த மூன்று மாறாதது. நாற்பது பேரானால் ஐந்தும் மூன்றும் எட்டு.

செல்லசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அடுக்களைச் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொள்வார். இடங்கழிக்கு ஒரு கோடு. ஏழு ஞாயிறுகளின் கோடுகளும் அழியாமல் இருந்தன.

“ஒரு மணி அரிசி நான் எடுக்கல்ல பிள்ளே” என்றார் அவர், கேட்பதற்கு முன்பே.

“அரிசிய ஆரு கேட்டா? ஒம்ம சுவரு போதும்” என்றான் வேதமணி.

ஜெயதாஸ் கோடுகளை எண்ணினான். செங்கல் ஊரில் ஆறு இடங்கழி, வந்த போலீஸ் பன்னிரண்டு. காரக்கோணத்தில் எட்டு, போலீஸ் பதினாறு. பிறகு பளுகல். அன்று பேய் மழை. ஐம்பத்தாறு பேர் வர வேண்டிய கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். ஆனால் போலீஸ் இருபது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள், ஆளுக்கு ஒருவர் போக ஒருவர் மிச்சம். அந்த மிச்சத்தைப் பற்றி ஊரே சிரித்தது.

பளுகலுக்கு நேரே சுவரில் பத்துக் கோடுகள்.

“அண்ணே” என்றான் ஜெயதாஸ் மெதுவாக. “போலீசு வந்த ஆளுகள எண்ணி வரல்ல. அரிசிய எண்ணி வந்திருக்கு. இடங்கழிக்கு ரெண்டு பேரு.”

“அப்பம் அவனுவளுக்கும் சேத்துக் கஞ்சி காய்ச்சியிருக்கலாம்.”

தாளில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கீழே அரிசி, பக்கவாட்டில் போலீஸ். அளவுகோலை வைத்தபோது எல்லாம் வரிசை கட்டி நின்றன. இவ்வளவு சுத்தமான கோட்டை வகுப்புப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறான். அரிசி அளவு தெரிந்தவன்தான் உளவாளி.

செல்லசாமிக்கு வியர்த்தது. அரிசி அளவு அவருக்குத்தானே தெரியும்.

“ஒரு புள்ளி மட்டும் வெளிய நிக்குதே” என்றான் வேதமணி.

தனுவச்சபுரம். அக்டோபர் மூன்று. சுவரில் எட்டே கோடுகள். பதினாறு போலீஸ் வந்திருக்க வேண்டும். வந்தது இருபத்திரண்டு. புள்ளி கோட்டுக்கு மேலே தனியாக நின்றது.

“எட்டுதானா? நல்லா நெனச்சுச் சொல்லும்.”

“எனக்க மவ சீட்ட வாசிச்சா, நான் கோடு போட்டேன். எட்டு இடங்கழிதான் வெந்தது” என்றார் செல்லசாமி. “குடுத்தது நீதானே பிள்ளே.”

எட்டு என்று தெரிந்தவன் துப்புக் கொடுத்திருந்தால் பதினாறு பேர் வந்திருப்பார்கள். ஆகவே செல்லசாமி அல்ல. இருபத்திரண்டுக்குப் பதினொன்று. தனுவச்சபுரத்துக்குப் பதினொரு இடங்கழி என்று நினைத்தவன் யார்?

ஜெயதாஸின் கை தோள்பைக்குள் போனது. எதைத் தேடுகிறது என்று அவனுக்கு அப்போது தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

* * *

வகுப்பில் ஆகஸ்ட் கடைசியில் கோடு போடும் பாடம் தொடங்கியபோது ஆசிரியர் சொன்னார்: புத்தகத்து எண்கள் வேண்டாம், உங்கள் வாழ்க்கையிலிருந்து இரண்டு வரிசை கொண்டு வாருங்கள். நாளும் இடமும் எழுதாத விவரம் விவரமே அல்ல. வெள்ளிக்கிழமைதோறும் கோட்டை ஒரு படி நீட்டி, அடுத்து வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள்.

ஜெயதாஸ் யோசித்தான். அவன் கையில் இருந்த நல்ல வரிசை ஒன்றுதான். வருவோர் எண்ணிக்கை, அரிசி. கூட்டம் என்று எழுத முடியாது. ‘ஜெபக்கூட்டம்’ என்று தலைப்பிட்டான். அவ்வளவு மறைத்ததே அதிகம் என்று நினைத்தான். நாளும் இடமும் மட்டும் பிசகாமல் எழுதினான்.

அக்டோபர் முதல் தேதி எழுதிய தாள் நான்காக மடிந்து வெளியே வந்தது. ‘அடுத்த ஜெபக்கூட்டம்: அக்டோபர் 3, தனுவச்சபுரம். எதிர்பார்ப்பு 40. தேவைப்படும் அரிசி...’

பதினொன்று. அதன்மேல் ஆசிரியரின் சிவப்பு மை: ‘மாறிலியை இரண்டு முறை கூட்டிவிட்டாய். எட்டு.’

வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போதே பிழை அவனுக்குத் தட்டுப்பட்டிருந்தது. சீட்டில் எட்டு என்று சரியாக எழுதிச் செல்லசாமியிடம் கொடுத்தான். பதினொன்று என்ற எண் இந்த உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. போலீஸ் அந்தப் பிழைக்குத்தான் வந்தது.

வேதமணி தாளை வாங்கிப் பார்த்தான். சிவப்பு மையை விரலால் தொட்டுக் கேட்டான்.

“வாத்தியாரு எட்டுன்னு திருத்திட்டாரு. அவரு திருத்தும் முன்ன இத ஆரு பாப்பா?”

“பக்கத்துல இருக்க ஈஸ்வரமூர்த்தி. வெள்ளிக்கிழம வாங்கிப் பாத்து எழுதிட்டுத் தருவான். ‘உம்ம புள்ளி போல ஆருக்க புள்ளியும் இல்ல’ம்பான்.”

“அவனுக்கு எங்க சோலி?”

“சர்க்கார் ஆபீசுல எழுத்தர்.”

“எந்த ஆபீசு?”

ஜெயதாஸ் அதையும் கேட்கவில்லை. மழை பெய்த ஒரு நாள் ஈஸ்வரமூர்த்தியை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டுப் போன வண்டி மட்டும் நினைவுக்கு வந்தது. நீல நிற போலீஸ் வேன். ‘ஒமக்கு நல்ல தோஸ்துகள் உண்டும்’ என்று இவனே சிரித்திருக்கிறான்.

“எனக்கு நிச்சயமில்ல அண்ணே” என்றான். “போன வாரமும் எனக்கு நிச்சயமாத்தான் இருந்தது. ஒரு தாள வச்சு ஒருத்தனச் சொல்லிட்டேன். திருப்பியும் அதே தப்ப...”

“நிச்சயம் பண்ண வழி உண்டா?”

ஜெயதாஸ் நிமிர்ந்தான்.

உண்டு. இந்த வாரக் கூட்டம் முதலில் அமரவிளையில் என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தாளில் அவன் அப்படித்தான் எழுதிக் கொடுத்தான். எதிர்பார்ப்பு எழுபத்திரண்டு, அரிசி பன்னிரண்டு. சனிக்கிழமை மத்தியானம் கைலாசநாதன் இடத்தை இஞ்சிவிளைக்கு மாற்றினார். மாற்றியது கமிட்டிக்குத் தெரியும், செல்லசாமிக்குத் தெரியும். இரவல் மாட்டு வண்டியில் வார்ப்பை இஞ்சிவிளையில் கொண்டு இறக்கிய தங்கப்பனுக்கும் தெரியும்.

தெரியாதது அந்தத் தாளுக்கு மட்டும்தான்.

“இப்பம் அமரவிளையில போலீசு நிண்ணா, தங்கப்பன் உளவாளி இல்ல.”

“எத்தன பேரு நிக்கணும்?”

“இருபத்தி நாலு.”

“ஏறு” என்றான் வேதமணி.

* * *

அமரவிளைப் பாலத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. சாலை வெறிச்சென்று கிடந்தது. தென்னந்தோப்பின் உள்ளே, மூடிக் கிடந்த ஓட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு லாரிகளின் மூக்கு தெரிந்தது. வேதமணி சைக்கிளை நிறுத்தி, நன்றாக இருந்த சங்கிலியைக் கழற்றிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“சத்தம் போடாம எண்ணு.”

கொட்டகை நிழலில் ஒன்பது தொப்பிகள். லாரிக்குள் பத்து. தென்னைக்கு ஒருவராக இன்னும் நான்கு. ஜெயதாஸ் இரண்டு முறை எண்ணினான். இருபத்து மூன்று. ஒன்று குறைந்தது. மூன்றாவது முறை எண்ணத் தொடங்கினான்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளில் விழுந்தது.

“எந்தாடா இவிடெ?”

இருபத்து நான்காவது தொப்பி.

“சங்கிலி போயி சாரே” என்றான் வேதமணி. “இந்தச் சைக்கிளு எனக்க பெண்டாட்டி போலயாக்கும். ஏத்தம் கண்டா நிக்கும், எறக்கம் கண்டா ஓடும்.”

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இவிடெ இன்னு ஜெபக்கூட்டம் எவிடெயா?”

ஜெபக்கூட்டம். கமிட்டியில் யாரும் ஒருநாளும் சொல்லாத சொல். ஜெயதாஸ் ஒரு தாளின் தலைப்பில் மட்டும் எழுதிய சொல்.

“அறிஞ்ஞுகூடா சாரே” என்றான். தெரியாது என்று கையையும் விரித்தான்.

திரும்பும் வழியில், பாறசாலை நெருங்கும்போது வேதமணி மெதுவாக மிதித்தான்.

“ஈஸ்வரமூர்த்திக்க பேரச் சொன்னாப் போதும் மக்கா. தாளு எப்படி அவனுக்க கையில போச்சுன்னு நீயாச் சொல்லண்டாம். களவுபோச்சுன்னு சொல்லு.”

“களவு போகல்லியே.”

“நான் சாட்சி சொல்லுகேன்.”

ஜெயதாஸ் யோசித்துப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான், ஒரு மைல் தூரத்துக்கு. தாள் களவு போனதாகச் சொன்னால், எங்கிருந்து என்று கேட்பார்கள். வீட்டிலிருந்து என்றால், வீட்டுக்கு வந்துபோனவர்கள் யார் என்று கேட்பார்கள். இன்னொரு வாரம், இன்னொரு தங்கப்பன்.

“வேண்டாம் அண்ணே” என்றான்.

* * *

இஞ்சிவிளையில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே எழுபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். எட்டு வாரத்தில் முதல்முறையாகக் கஞ்சியை ஆறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கப்பனை மட்டும் வார்ப்புக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, இரண்டு பேர் இரு பக்கமும் நின்றார்கள். கட்டவில்லை. கட்டியதுபோலத்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

கைலாசநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு ஏழு நிமிஷம்.

“சொல்லு ஜெயதாசு.”

ஜெயதாஸ் குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்கத்தான் நினைத்திருந்தான். தங்கப்பனைப் பார்த்ததும் மூடிவிட்டான். பளுகல் மழையில் தொடங்கினான். செல்லசாமியின் சுவரைச் சொன்னான். அமரவிளைத் தோப்பில் இந்த நிமிஷமும் இருபத்து நான்கு பேர் காத்திருப்பதைச் சொன்னான். இடம் மாறியது தெரிந்த ஒருவரும் உளவாளியாக இருக்க முடியாது என்றபோது, தங்கப்பனின் இரு பக்கமும் நின்றவர்கள் தாங்களாகவே விலகினார்கள்.

“அப்பம் ஆரு?” என்றார் கைலாசநாதன்.

“எழுதிக் குடுத்தவன் நான்.”

ஈஸ்வரமூர்த்தியின் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னான். தாளையும் நீட்டினான். கைலாசநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாளையும் இடத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார். முப்பது வருஷம் சர்க்கார் தாள் பார்த்த மனிதர். வாசித்து முடித்ததும் தாளை விட்டுவிட்டுத் தங்கப்பனைத்தான் பார்த்தார்.

“தங்கப்பா, பெரிய தப்பு செஞ்சுட்டோம். மன்னிக்கணும்.”

தங்கப்பன் எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த ரப்பர் சருகைத் தட்டினார். வேலியோரம் நின்ற சரசம்மாவின் பக்கம் நடந்தார். வழிவிட்டு நின்றவர்கள் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். வார்ப்பை நெய்யாற்றின்கரைக்கு யார் கொண்டுபோவது என்று கேட்க அங்கே எவருக்கும் தைரியம் வரவில்லை.

விஜயதாஸ் முன்னால் வந்தான். வேதமணி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான்.

“அடிக்கல்ல அண்ணே, மாறும்.” விஜயதாஸின் குரல் விநோதமாக அமைதியாக இருந்தது. “தனுவச்சபுரத்துக்கு நீ எத்தன எழுதின?”

“பதினொண்ணு.”

“சரியா எழுதியிருந்தா?”

“எட்டு.”

“இடங்கழிக்கு ரெண்டு போலீசுன்னு சொன்ன.” அவன் விரல் விட்டு எண்ணினான். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். “அப்பம் ஆறு பேரு கூடுதல்.”

“ஆமா.”

“எனக்க தம்பியச் சுத்தி நிண்ணு அடிச்சதும் ஆறு பேராக்கும்.”

கோடு மொத்த எண்ணிக்கையைத்தான் சொல்லும், எந்த ஆறு பேர் என்று அதனால் சொல்ல முடியாது. எட்டு என்று எழுதியிருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும் என்று எந்தக் கணக்காலும் நிரூபிக்க முடியாது. இதைச் சொல்ல ஜெயதாஸ் வாயெடுத்தான். அது உண்மை. விஜயதாஸின் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

“வா” என்றான் விஜயதாஸ்.

“எங்க கூட்டிட்டுப் போற?” என்றான் வேதமணி.

“வீட்டுக்கு. தங்கப்பன்தான் காட்டிக்குடுத்தான்னு ஒரு வாரமா தம்பிக்குச் சொல்லி வச்சிருக்கேன். அது பொய்யின்னு நான் எப்படிச் சொல்ல? இவன் சொல்லட்டும். அவனுக்க கட்டில்ல இருந்து, அந்தத் தாளக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லட்டும்.”

கைலாசநாதன் தாளை நீட்டினார். ஜெயதாஸ் அதை வாங்கிக்கொண்டு விஜயதாஸின் பின்னால் நடந்தான்.